பக்கத்து இருக்கை

சனிக்கிழமைகளில் என் வேலை
யாரோ ஒருவரின் காதலிக்கென்று தைத்த இருக்கையில்
அரைமணி நேரம் உட்கார்ந்து வருவது.

இந்த வண்டிக்கு இரண்டே பேர்தான் கணக்கு.
பின்னால் ஒரு பெட்டிக்கும் பாதிக் குடைக்கும் இடமுண்டு.
சாவி வாங்கும் கையின் ஈரத்திலேயே
ஆளைத் தெரிந்துவிடும் எனக்கு.
பல் மருத்துவர் கிளம்பும் முன்பே எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பார்.
புதிதாய் விவாகரத்தானவர்
பின்புறம் காட்டும் கண்ணாடியில் தன் முகத்தையே பார்ப்பார்.
அப்பா காசில் வந்த பையன்
கைப்பேசியை என்னிடம் நீட்டி, படம் எடு என்பான்.
யாரும் வாங்குவதில்லை.
என்னாலும் முடியாது, அது வேறு கதை.

அக்டோபரில் ஒரு நாள், கிராட்ஸ் நகரம் முழுக்க நசநசவென்று மழை.
துணிப்பையில் லீக்கீரைத் தண்டுகள் எட்டிப் பார்க்க
ரோஸ்விதா பிஹ்லர் வந்தார்.
'முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டினேன்,
வியாழக்கிழமையோடு ஓய்வு' என்றார்,
திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில்.
ரோஜா நிறத் தாளில் உரிமம் இருந்தது.
அதிலிருந்த முகத்துக்கு இருபத்து மூன்று வயது.

குளியல் தொட்டியில் இறங்குவதுபோல்
ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தார்.
இடது கால் எதையோ தேடியது.
'கிளட்ச் அங்கே' என்றேன்.
'மணியைத் தேடுகிறேன்' என்றார்.

முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை.
நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு
அம்மா என்றேனா, பிரேக் என்றேனா, நினைவில்லை.
கடைசி நொடியில் திருப்பிவிட்டு
'மன்னிக்கணும், இத்தனை நாளும்
தடம்தான் எனக்காக வளைந்தது' என்றார்.

டிராம் நிறுத்தம் வந்ததும் வேகம் தானாகக் குறைந்தது.
நின்றே விட்டோம்.
குடைக்குள் மூன்று பெண்கள் மஞ்சள் வண்டியைப் பார்த்தார்கள்,
ஒருத்தி பாதி கை தூக்கினாள்.
இருபது விநாடி.
யாரும் ஏறவில்லை. ஏற இடமும் இல்லை.

ஊர் தாண்டி ஷோக்கெல் மலைப்பக்கம் திரும்பியபோது
அறுத்த வயலில் மிச்சப் பூசணிகள் நனைந்து கிடந்தன.
மூன்றாவது கியர். பிறகு இரண்டு.
நாக்கு நுனியை ஓரப்பல்லில் கடித்தபடி
ஒரு வளைவை அவரே வளைத்தார்.
ஈர இலைகளில் பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கி
மறுபடி பிடித்துக்கொண்டது.
அடுத்த வளைவைக் கேட்காமலே எடுத்தார்.
என் காலடியில் லீக்கீரை உருண்டது.

மேலே நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்தார்.
சூடு ஆறும் இரும்பு
டிக் டிக் என்றது.
மலையைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.
அவர் என்னைப் பார்த்தார், என் இருக்கையைப் பார்த்தார்.
'போதும். இறங்குங்கள், மாறி உட்காரலாம்.'

விதிப்படி கூடாது என்றேன்.

'தனி அறையில் முப்பத்தொரு வருஷம், தம்பி.
தலைக்கு மேல் பலகை: ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.
ஒழுங்கான ஊர். யாரும் பேசவில்லை.'

இறங்க முட்டி ஒத்துழைக்கவில்லை, கை கொடுத்தேன்.

கீழே வரும்வரை பேசினார்.
செவ்வாய்தோறும் விடிகாலையில் அக்கார்டியனோடு ஏறி
ஒருநாளும் வாசிக்காத ஆள்,
அக்கா ஃப்ரீடரிக்கே வெங்காயத்தைக் கருக்குவது,
பனியில் தண்டவாளத்துக்கு மணல் தூவும் அளவு,
என் டை, அதன் கோணல், எனக்குக் கல்யாணம் ஆகாதது,
நான் வளைவில் பயப்படுவது.
ஓட்டுகிறவனிடம், நேராக, காதருகே,
மூச்சு வாங்கக்கூட நிறுத்தாமல்.
நானும் ஏதேதோ சொன்னேன்.
அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றையும்.

கடைத்தெரு வந்தது.
டாஷ்போர்டில் சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தினார்.
'அடுத்த நிறுத்தத்தில் இறங்கணும்.'

நான்கு மூலையிலும் அபாய விளக்குகள் துடிக்க ஆரம்பித்தன.
அணைக்க மனம் வரவில்லை.
அப்படியே வாசலுக்குள் நுழைந்தோம்.
குடைகூட இல்லாமல் முதலாளி ஓடிவந்தார்,
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து,
எங்கே இடித்தாய், எங்கே இடித்தாய் என்று.